நேற்று எப்படிக் கழற்றினோம்?

போன ஜூன் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரில் நடந்தது இது. பள்ளித் திடல்களைப் பராமரிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த நான்கு வாரம்தான் தலைக்கு மேல் வேலை. பிள்ளைகள் திரும்பி வருவதற்குள் புல்லை வெட்டி, இறுகிய மண்ணில் துளை போட்டு, உரமும் மணலும் தூவி முடிக்க வேண்டும். காலையில் புல் வெட்டும் ஸ்லாஷர், பத்து மணிக்கு மண்ணில் துளை போடும் ஏரேட்டர், மதியத்துக்கு மேல் உரம் தூவும் ஸ்ப்ரெடர் என்று கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். இழுக்கிற டிராக்டர் ஒன்றுதான்: 35 குதிரைத்திறன், சிறிய வண்டி.

அன்று ஒன்பது மணி வரை மழை. லாரி கிரேன் ஏரேட்டரைத் திடலின் ஓரத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தது. ஈரப் புல்லில் அதன் வலது கால் நான்கு விரல் ஆழம் புதைந்து, கருவியே ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. எங்களோடு வேலை செய்யும் அறந்தாங்கித் தம்பி டிராக்டரைப் பின்னால் எடுத்தான். நான் ஓரமாக நின்று கை காட்டினேன். டிராக்டரின் கீழ்க் கைகளை லிங்க் என்போம், அவற்றின் முனையில் ஓட்டை வைத்த குண்டு இருக்கும், அது கருவியின் பின்னில் ஏற வேண்டும். இடது லிங்க் பின்னில் ஏறிவிட்டது. வலது லிங்க்கின் குண்டு பின்னுக்கு மேலே, மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் நின்றது. கடப்பாரை வைத்து நெம்பினால் இடது பக்கம் நழுவுகிறது. இடதைப் பிடித்தால் வலது ஏறமாட்டேன் என்கிறது. ஒருவழியாக இரண்டும் ஏறியபோது, மேலே மாட்டும் டாப் லிங்க் ஒரு விரற்கடை குட்டை. அதைத் திருகி நீட்டினால், என்ஜினின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்ட் காய்ந்துபோய்ப் பல்லில் ஏறவில்லை. நாற்பது நிமிடம் போனது. எல்லாம் மாட்டி நிமிர்ந்து பார்த்தால் மேற்கே வானம் கறுத்துவிட்டது. மின்னல் எச்சரிக்கை ஒலித்ததும் ஆளுக்கொரு பக்கம் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு கூரைக்கு அடியில் ஓடினோம். அன்று ஏரேட்டர் ஒரு துளைகூடப் போடவில்லை.

அன்று இரவு விடுதியில் படுத்திருக்கும்போது அந்த நாற்பது நிமிடம் மட்டும் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது. நான் பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆள். 2009இல் சிங்கப்பூர் வந்தேன். இப்போது வடமேற்கில் ஒரு யார்டில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இத்தனை வருடமாக இதையே ஒவ்வொரு நாளும் செய்கிறோம். தெரியாத வேலை இல்லை. அப்படியானால் ஏன் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலவே மல்லுக்கட்டுகிறோம்?

முதலில் டிராக்டரில் கருவியை மாட்டும் மூன்று புள்ளிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்களுக்காக. டிராக்டரின் பின்புறம் கீழே இரண்டு கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை ஹைட்ராலிக் தூக்கி இறக்கும். மேலே நடுவில் ஒரு டாப் லிங்க். இந்த மூன்றிலும் கருவியைப் பொருத்தினால் அது டிராக்டரின் உடம்பாகவே ஆகிவிடும். இதைச் செம்மைப்படுத்திக் கொடுத்தவர் வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன். அதற்கு முன்னால் கலப்பையைச் சங்கிலியில் கட்டித்தான் டிராக்டர் இழுக்கும். கொழு மண்ணுக்குள் கல்லிலோ வேரிலோ சிக்கினால், இழுக்கிற வேகத்தில் முன்சக்கரம் எகிறி வண்டி ஓட்டுபவர் மேலேயே மல்லாந்துவிடும். அப்படிச் செத்தவர்கள் பலர். பெர்குசனின் அமைப்பில் கலப்பை தடுக்கினால் டாப் லிங்க் வண்டியை முன்னோக்கித் தள்ளி, முன்சக்கரத்தைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். 1939இல் போர்டு நிறுவனம் 9என் டிராக்டரில் இதைப் பொருத்தி விற்றது. இன்று உலகம் முழுக்க டிராக்டர் என்றால் பின்னால் இந்த மூன்று புள்ளிதான். 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாசி பெர்குசன் வண்டியைச் செய்ய ஆரம்பித்தது. எங்கள் ஊரில் என் சிறு வயதில் டிராக்டர் என்று யாரும் சொல்லமாட்டார்கள், ‘மாசி வந்துட்டுதா?’ என்றுதான் கேட்பார்கள். அந்தப் பெயரில் ஒட்டியிருக்கும் பெர்குசன் இவர்தான் என்று எனக்கே இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

ஆக, மூன்று புள்ளி உயிரைக் காப்பாற்றுகிற ஏற்பாடு. ஆனால் மாட்டும்போது அதே மூன்றுதான் தொல்லை. ஒரு புள்ளியைப் பொருத்துவது எளிது. முந்நூறு கிலோ இரும்பு தரையில் அசையாமல் கிடக்க, இரண்டு டன் வண்டியைப் பின்னால் எடுத்து, இரண்டு கீழ்ப்புள்ளிகளையும் ஒரே நேரத்தில், ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில் கொண்டுவர வேண்டும். இந்த இணைப்பு அளவில் எங்கள் வண்டி முதல் வகை, அதாவது கேட்டகரி ஒன்று. கீழ்ப் பின் 22 மில்லிமீட்டர் விட்டம், மேல் பின் 19. குண்டின் ஓட்டை பின்னை விட ஒரு மயிரிழைதான் பெரிது. கருவி சாய்ந்து கிடந்தால் அந்த மயிரிழைக்குள் இரண்டையும் நுழைக்க எந்த பலசாலியாலும் முடியாது.

சரி, இதில் எனக்கு வெளிச்சம் கிடைத்தது எங்கள் அப்பாவிடமிருந்து. அப்பா அடுத்தவர் மாசியைக் கூலிக்கு ஓட்டியவர். ஒன்பது கொழுக் கலப்பையைக் கழற்றும்போது கண்ட இடத்தில் போட்டுவிட்டு வரமாட்டார். களத்துமேட்டில் இரண்டு பனங்கட்டை எப்போதும் ஒரே இடத்தில் கிடக்கும். வண்டியை அந்த நேருக்குக் கொண்டுவந்து, கலப்பையை மெல்ல அந்தக் கட்டைகள் மேல் இறக்கி, குனிந்து ஒரு தடவை மட்டம் பார்ப்பார். பின்களைக் கலப்பையின் ஓட்டையிலேயே திரும்பச் செருகி வைப்பார். இருட்டிவிட்டது, பசிக்கிறது, வாங்க போகலாம் என்று நான் இழுத்தாலும் அதை முடிக்காமல் நகரமாட்டார். மறுநாள் விடியற்காலை ஒற்றை ஆளாக, யாரையும் கூப்பிடாமல், வண்டியை ஒரே தடவை பின்னால் எடுத்து மாட்டிக்கொண்டு போய்விடுவார். நான் பத்து வயதில் பார்த்தது. அதன் அர்த்தம் நாற்பத்து மூன்று வயதில் விடுதிக் கட்டிலில் படுத்திருக்கும்போது புரிந்தது. அப்பா மாட்டும் வேலையை முந்தின நாள் மாலையே பாதி முடித்துவிட்டார்.

நாங்கள் கழற்றுவது எப்படி? வேலை முடிந்த களைப்பில், எங்கே இடம் இருக்கிறதோ அங்கே. சிங்கப்பூரில் யார்டு என்றால் எவ்வளவு இடம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் யார்டில் இரண்டு கண்டெய்னர், ஒரு லாரி, உர மூட்டைகள், அதற்கு நடுவே கருவிகள் குறுக்கும் நெடுக்குமாக. டிராக்டர் நேராகப் பின்னால் வர வழியே கிடையாது. கோணலாக வந்து, கோணலாக நின்று, பிறகு மூன்று பேர் சேர்ந்து கருவியை உதைத்து நேராக்குவோம். பின்கள் ஒரு பெயின்ட் டப்பாவில் கிடக்கும். ஷாஃப்ட் தரையில் மண்ணில் கிடக்கும்.

மறு வாரம் ஞாயிற்றுக்கிழமை நானும் எங்கள் பங்களாதேஷ் பாயும் யார்டைக் காலி செய்தோம். நான் கேட்காமலே பாய் காலை ஏழு மணிக்கு வந்து நின்றார், அதை இங்கே எழுதியே ஆக வேண்டும். சுவர் ஓரமாக இருக்கும் கான்கிரீட் தளத்தில் நான்கு கட்டங்கள் மஞ்சள் பெயின்டில் போட்டோம். ஒவ்வொரு கட்டத்தின் முன்னாலும் டிராக்டர் வர வேண்டிய நேர்கோடு ஒன்று. ஓட்டுபவர் திரும்பிப் பார்த்தால் அந்தக் கோடு தெரிய வேண்டும். அதற்காகக் கோட்டின் முடிவில் சுவரிலும் ஒரு பட்டை வரைந்தோம். கருவி கோட்டின் நடுவில் நிற்கிறது, வண்டி கோட்டில் வருகிறது, அவ்வளவுதான். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்தது.

ஃபிளெயில் மோவர் என்ற இன்னொரு புல் வெட்டும் கருவிக்கும் ஏரேட்டருக்கும் நான்கு சக்கரம் வைத்த தாழ்வான தள்ளுவண்டிகள் செய்தேன். பழைய சி சேனல் இரும்பு, பூட்டுப் போடும் சக்கரங்கள். கருவியை அதன் மேல் இறக்கி வைத்தால், அடுத்த நாள் டிராக்டர் இரண்டு சென்டிமீட்டர் தள்ளி நின்றாலும் கவலையில்லை. முந்நூறு கிலோவை ஒருவர் கையால் இழுத்து நேராக்கலாம். வழவழப்பான கான்கிரீட் தளம் இருப்பவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள் என்பேன். சக்கரத்தைப் பூட்டாமல் மட்டும் ஏற்றி இறக்காதீர்கள்.

திடலில் கான்கிரீட் ஏது? அங்கே கட்டுமானத் தளங்களில் ஒதுக்கிப் போடும், கான்கிரீட் வார்க்கப் பயன்படும் பிளைவுட் பலகை இரண்டு எடுத்துப் போகிறோம். கிரேன் கருவியை இறக்கும் முன்பு பலகைகளைப் போட்டுவிட்டால் கால் புதையாது. அந்த ஜூன் நாளில் எங்களிடம் இல்லாதது இந்த இரண்டு பலகைகள்தான்.

அப்புறம் டாப் லிங்க். ஒவ்வொரு கருவிக்கும் அதன் நீளம் வேறு. தினமும் கண்ணளவில் திருகிக்கொண்டிருந்தோம். இப்போது அதன் திருகு மரையில் நான்கு வண்ணக் கோடுகள் இருக்கின்றன. ஸ்லாஷர் சிவப்பு, ஏரேட்டர் நீலம், மற்றவை வெள்ளையும் பச்சையும். அந்தந்தக் கருவியின் மேலும் அதே வண்ணத்தில் ஒரு பொட்டு. தமிழ், வங்காளம், சீனம் என்று மூன்று மொழி பேசும் ஆட்கள் இருக்கும் இடத்தில் வண்ணம் போல் தெளிவான மொழி கிடையாது.

வரிசையும் முக்கியம். எங்கள் வண்டியில் வலது தூக்குக் கம்பிக்கு மட்டும் கைப்பிடி உண்டு, திருகி ஏற்றி இறக்கலாம். ஆகவே இடதை முதலில் மாட்ட வேண்டும். பிறகு வலதைக் கைப்பிடியால் சரிசெய்து மாட்ட வேண்டும். டாப் லிங்க் கடைசி. பக்கவாட்டுச் சங்கிலிகளை மாட்டும்போது தளர்த்தி வைத்து, மூன்றும் ஏறியதும் இறுக்க வேண்டும். கழற்றும்போது தலைகீழ் வரிசை. கருவி முழுக்கத் தரையில் உட்கார்ந்த பிறகு டாப் லிங்கைக் கொஞ்சம் திருகிப் பாருங்கள். பின் விரலால் சுழன்றால் அதில் பளு இல்லை, கழற்றலாம். சுழலாத பின்னைச் சுத்தியலால் தட்டி எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பளுவோடு இருக்கும் பின் வெளியே வந்த மறுகணம் கருவி எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாது.

பி.டி.ஓ. ஷாஃப்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நேரம் அதிகம் போவது அங்கேதான். டிராக்டரின் பின்னால் ஆறு பல் வைத்த 35 மில்லிமீட்டர் தண்டு. நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு நொடிக்கு ஒன்பது. சுற்றும்போது சட்டை முனை பட்டால் கையை இழுக்க நேரம் இருக்காது. என்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் யாரும் பின்னால் குனிய வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை, முதலாளியே வந்து அவசரப்படுத்தினாலும் சரி.

ஷாஃப்ட்டைத் தரையில் போட்டால் மணலும் ஈரமும் சேர்ந்து பூட்டும் கழுத்து இறுகிவிடும். ஒவ்வொரு கருவியிலும் ஒரு கொக்கி பற்றவைத்து, கழற்றியதும் ஷாஃப்ட்டை அதில் தூக்கி மாட்டுகிறோம். பல்லில் வாரம் ஒரு முறை கிரீஸ். மாட்டும்போது பல் பொருந்தாவிட்டால் அடிக்கக் கூடாது. கருவிப் பக்கத்தை ஸ்பானரால் ஒரு துளி சுழற்றினால் தானாக வழுக்கிக்கொண்டு ஏறும். ‘டிக்’ என்று பூட்டிய சத்தம் கேட்ட பிறகும் ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும். அந்த இழுப்பில் கையோடு வந்துவிட்ட ஷாஃப்ட்டை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

ஹைட்ராலிக் குழாய் உள்ள கருவிகளுக்கு நம் ஊர் வெயில் ஒரு எதிரி. யார்டில் மதியம் வரை வெயிலில் கிடந்தால் குழாய்க்குள் அடைபட்ட எண்ணெய் சூடாகி விரிந்து, அழுத்தம் ஏறி, முனையை எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே போகாது. கழற்றுவதற்கு முன் என்ஜினை அணைத்துவிட்டு, ஹைட்ராலிக் லீவரை இரண்டு பக்கமும் நாலைந்து தடவை அசைத்தால் அழுத்தம் இறங்கிவிடும். பிறகு முனைகளுக்கு மூடி போட்டு நிழலில் தொங்கவிட வேண்டும். பாருங்கள், இதுவும் கழற்றும்போது செய்ய வேண்டிய வேலைதான்.

இவ்வளவுக்குப் பிறகுதான் காசு செலவாகும் விஷயத்துக்கு வந்தோம். முதலாளியிடம் கேட்டு, கீழ் லிங்க்குகளுக்கு நீளும் முனைகள் வாங்கினேன். ஒரு லீவரை அழுத்தினால் முனை வெளியே நீண்டு வரும், பக்கவாட்டிலும் ஆடும். பின்னில் மாட்டிவிட்டு வண்டியை மெல்லப் பின்னால் எடுத்தால் முனை உள்ளே போய்த் தானே பூட்டிக்கொள்ளும். அந்த மூன்று சென்டிமீட்டர் சண்டை இதோடு முடிந்தது.

குயிக் ஹிட்ச் வாங்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். வாங்கி ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தோம். டிராக்டரின் மூன்று புள்ளியிலும் நிரந்தரமாக ஒரு சட்டம் பொருத்திவிடுவது அது. சட்டத்தின் கீழே இரண்டு வாய், மேலே ஒரு கொக்கி. பின்னால் வந்து தூக்கினால் கருவி தானே வந்து உட்காரும். லீவரைத் தட்டினால் வாய் பூட்டும். பூட்டியதா என்று இறங்கிப் பார்த்தால் போதும். ஏரேட்டருக்கும் ஸ்ப்ரெடருக்கும் அருமையாக வேலை செய்தது. கருவியின் பின்கள் மேல் புஷ் என்ற தடித்த உறை மட்டும் போட வேண்டியிருந்தது.

ஆனால் ஸ்லாஷருக்கு ஒத்துவரவில்லை. அதன் மேல் பின் இருக்கும் உயரம் சட்டத்தின் கொக்கிக்குப் பொருந்தவில்லை. தரையின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப அதன் மேல் இணைப்பு ஆட வேண்டும், கொக்கி அதை இறுக்கிப் பிடித்துவிடும். இன்னொன்று, சட்டம் வந்ததால் கருவிகள் எல்லாம் பத்து சென்டிமீட்டர் பின்னால் தள்ளிப் போகின்றன. ஷாஃப்ட்டின் இரண்டு குழாய்களும் ஒன்றுக்குள் ஒன்று இருக்கும் நீளம் குறைந்துவிடுகிறது. மூன்றில் ஒரு பங்காவது உள்ளே இருக்க வேண்டும். ஏரேட்டரின் ஷாஃப்ட் அதற்குக் குறைந்ததால் நீளமானது வேறு வாங்க வேண்டியதாயிற்று. எடை பின்னால் போவதால் தூக்கும் பலமும் கொஞ்சம் குறையும், சிறிய வண்டியில் முன்பக்கம் லேசாவது கையில் ஸ்டீயரிங் பிடித்தாலே தெரியும். ஆகவே இப்போது ஸ்லாஷர் வேலை இல்லாத நாட்களில் மட்டும் சட்டம் வண்டியில் ஏறும், மற்ற நாட்களில் சுவரில் தொங்கும். உங்கள் கருவிகளின் மேல் பின் உயரத்தை அளக்காமல் காசு கட்டாதீர்கள்.

இந்த டிசம்பர் விடுமுறையில் ஒரு பள்ளித் திடலில் ஸ்லாஷரைக் கழற்றி ஏரேட்டரை மாட்டியபோது கைப்பேசியில் நேரம் பார்த்தேன். ஒன்பது நிமிடம். அதிலும் கழற்றியதற்குத்தான் ஐந்து நிமிடம், மாட்டியதற்கு நான்கு. அறந்தாங்கித் தம்பி பலகையைப் போட்டு, ஷாஃப்ட்டைக் கொக்கியில் தூக்கி, பின்னைச் செருகி, அப்பா மாதிரியே குனிந்து மட்டம் பார்த்தான். நான் சொல்லிக்கொடுத்தது அல்ல அந்தக் குனிதல். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மழை அன்றும் வந்தது, ஆனால் அதற்குள் முக்கால் திடல் முடிந்திருந்தது.

போன வாரம் ஊரிலிருந்து தம்பி, என் கூடப்பிறந்தவன், வீடியோவில் கூப்பிட்டான். பழைய டிராக்டர் ஒன்று வாங்கியிருக்கிறான். கல்டிவேட்டர் ஒழுங்காக ஏறுகிறது, இரவல் வாங்கிய ரோட்டவேட்டர் மட்டும் ஏறமாட்டேன் என்கிறது, ‘என்னண்ணே செய்யிறது?’ என்றான். கைப்பேசியைக் கீழே கொண்டுபோய்க் காட்டச் சொன்னேன். ரோட்டவேட்டரின் கீழ்ப் பின் தடியாகத் தெரிந்தது. அது இரண்டாம் வகையாக இருந்தால் 28 மில்லிமீட்டர் இருக்கும், அவன் வண்டியின் குண்டு 22க்கானது என்றால் எப்படி ஏறும்? இரண்டையும் காலிப்பரில் அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பின்னை மாற்றினால் போதுமா, லிங்க் முனையையே மாற்ற வேண்டுமா என்று அளவு வந்ததும் பார்க்க வேண்டும். அவன் கைப்பேசியைத் திருப்பியபோது பின்னால் களத்துமேடு தெரிந்தது. கல்டிவேட்டர் மண்ணில் சாய்ந்து கிடந்தது. அப்பாவின் பனங்கட்டைகள் எங்கேடா என்று கேட்டேன். மாட்டுக்கொட்டகையில் கிடக்குதுண்ணே, எடுத்துப் போடுறேன் என்றான்.